பாறைக்கு அப்பால் ஒரு குரல்

சிலி நாட்டின் அடகாமா பாலைவனத்தில், கொப்பியாப்போ நகரை அடுத்த சான் ஹோசே சுரங்கம் 2010-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் தேதி இடிந்து, 33 தொழிலாளர்களைச் சுமார் 700 மீட்டர் ஆழத்தில் சிறைப்படுத்தியதையும், அக்டோபர் 13-ஆம் தேதி அவர்கள் ஒவ்வொருவராக இரும்புக் கூண்டில் ஏறி வெளிவந்ததையும் உலகமே கண்டது. ஆனால், அக்கூண்டு தயாராகும் வரை ஏழு வாரகாலம் அவர்களுடைய தேகத்தையும் மனத்தையும் காத்து நின்ற ஒரு தொலைபேசிக் கம்பியைப் பற்றிப் பேசினவர் சிலரே.

17 நாட்கள், ஆளுக்கு இரண்டு கரண்டி சூரை மீனையும் ஒரு மிடறு பாலையுமே நாள் விட்டு நாள் பங்கிட்டு உண்டு ஜீவித்திருந்தவர்களைத் துளைக்கருவி சென்றடைந்ததும், உள்ளங்கை அகலமேயுள்ள துவாரத்தின் வழியே தொலைபேசியும் கேமராவும், ‘புறா’ என்று பெயரிடப்பட்ட நீண்ட குழாய்களில் மருந்தும் ஆகாரமும் இறங்கின. பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென்று வயிறார உணவிட்டால் இரத்தத்திலுள்ள உப்புகள் நிலைகுலைந்து பிராணாபாயம் நேருமாதலால், முதலில் குளுக்கோஸ் கரைசலே சென்றது.

அங்கே சிறிது மருத்துவப் பழக்கம் உடையவராக யோனி பாரியோஸ் என்னும் தொழிலாளி இருந்தார். மேலிருந்த வைத்தியர்கள் தொலைபேசியில் வினவ வினவ, இருளில் தோழர்களை ஒவ்வொருவராக அழைத்து எடை பார்த்து, கூண்டுக்குள் நுழையுமா என்று இடுப்பையும் அளந்து, இரத்தம் எடுத்து மேலே அனுப்பி, தடுப்பூசியும் போட்டவர் அவர்தாம். எத்தனை நுண்ணிய கருவியானாலும் கீழே அதைக் கையாள ஒரு மனிதன் வேண்டும் என்பதை நான் அங்கேதான் உணர்ந்தேன். 54 சென்டிமீட்டர் அகலக் கூண்டில் தொழிலாளர்கள் ஏறியபோது, மார்பில் அணிந்த பட்டை ஒன்று நாடித்துடிப்பையும் சுவாசத்தையும் வைத்தியர் முன்னிருந்த திரைக்கு இடையறாது அறிவித்துக்கொண்டிருந்தது.

இன்று அத்தகைய பட்டைகளும், விஷவாயுவை உணர்ந்து அலறும் சிறு பெட்டிகளும், தலைக்கவசக் கேமராக்களும் ரசாயனத் தொழிற்சாலைகளிலும் புழங்குகின்றன. ஹைட்ரஜன் சல்பைடு வாயு மிகுந்தால் நாசியின் மோப்ப சக்தியே மரத்துவிடுமாதலால், அழுகிய முட்டை நாற்றம் நின்றதும் ஆபத்து நீங்கியதென்று நம்புகிறவனைக் காப்பது அப்பெட்டிதான். ஆனால் இக்கருவிகளின் செய்தியைச் சுமந்து பாறையை ஊடுருவச் சாதாரண வானொலி அலைகளுக்கு வலிமை போதாது. ஆகவே சுரங்கங்களில், அலைகளை வழியெங்கும் கசியவிடும் ஒருவகைக் கேபிளை நெடுக இழுத்துச் செல்கிறார்கள். மேற்கு வெர்ஜீனியா மாநிலத்தில், சாகோ சுரங்கத்தில் 12 பேர் மாண்ட 2006-ஆம் ஆண்டிலேயே, தொழிலாளர் இருக்குமிடத்தை மேலிருந்தே அறியும் சாதனங்கள் வேண்டுமென்று அமெரிக்கா சட்டம் இயற்றியது.

இவையெல்லாம் வேண்டியவையே, மேலும் பெருக வேண்டும் என்பதே என் ஆசை. ஆயினும், சான் ஹோசேயில் பாறை சரிந்தவுடன் காற்றுப்போக்கிக் குழாய் வழியே ஏறித் தப்பிவிடலாமென்று அம்மனிதர்கள் விரைந்து சென்றபோது, அங்கே இருந்திருக்க வேண்டிய ஏணி மேல்வரை இல்லை.