சொத்தை இல்லாத பல்லும் வலிக்குமா?

மருத்துவ உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு வந்த ஒரு சகோதரி, "வலி தாங்காமல் பல்லைப் பிடுங்கினேன், ஆனால் வலி போகவில்லை" என்றார். வேறொரு பல் மருத்துவரிடம் காட்டியபோதுதான், அவர் தூக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிப்பது தெரியவந்தது. வேறு யாரும் இப்படிப் பல்லை இழக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

கன்னத்தில் விரல் வைத்துப் பல்லைக் கடித்துப் பாருங்கள். ஒரு தசை புடைத்து எழும். மெல்லுவதற்கான அந்தத் தசை இரவில் நாம் அறியாமலே இறுகிக்கொண்டிருந்தால் களைத்துப்போய் வலிக்கும். அந்த வலி பல்லிலும் காதிலும் நெற்றிப்பொட்டிலும் தெரியும். பற்கள் தேய்ந்து கூசும், விரிசலும் விடலாம்.

காலையில் தாடை இறுக்கம், தலைவலி, வாய் திறக்கச் சிரமம் ஆகியவை இதன் அறிகுறிகள். உடன் உறங்குபவர்களுக்குச் சத்தம் கேட்கும்.

கவலை, தூக்கக் குறைவு, குறட்டையோடு மூச்சுத் தடைபடுதல், புகையிலை, அளவு மீறிய டீ, காபி போன்றவை இதைத் தூண்டலாம். மனநோய்க்கான சில மாத்திரைகளாலும் வரலாம். ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நாம் செய்ய வேண்டியவை:

1. உதடுகள் மூடியிருந்தாலும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாமல் இருப்பதே இயல்பு. பகலில் பாங்கு கேட்கும்போதெல்லாம் தாடையைக் கவனித்துத் தளர்த்துங்கள்.

2. வலி உள்ள நாட்களில் மென்மையான உணவு உண்ணுங்கள். கன்னத்தில் வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுங்கள். மஃரிபுக்குப் பிறகு டீ, காபி வேண்டாம்.

3. பல் மருத்துவரிடம், "பல்லைக் கடிக்கும் பழக்கமாக இருக்குமா?" என்று நீங்களே கேளுங்கள். தேவையானால் அளவெடுத்து 'நைட் கார்டு' செய்து தருவார். அது பல் தேயாமல் காக்கும், பழக்கத்தை நிறுத்திவிடாது. அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காட்டலாம்.

பிள்ளைகள் பல்லைக் கடித்தால் வயிற்றில் பூச்சி என்று முடிவு செய்துவிடாதீர்கள். பெரும்பாலும் வளர வளரத் தானாக நின்றுவிடும். வலியோ பல் தேய்மானமோ இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: தாடை வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

பல்லைப் பிடுங்கச் சம்மதிக்கும் முன் காரணம் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எங்கே காட்டுவது என்று தெரியாதவர்கள் நம் அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், வழிகாட்டுகிறோம்.