குறுக்கு வழி வேண்டாம், தோழா!

(சிவில் பிரிவு, இரண்டாம் ஆண்டு மாணவன்)

தீபாவளி லீவு விட்டால் நம்மில் பலருக்கும் கொடைக்கானல் ஞாபகம்தான். ஏரியில் படகு, ஒரு சைக்கிள் ரவுண்டு, நாலு போட்டோ, அவ்வளவோடு பஸ் ஏறிவிடுவோம். அந்த ஊரிலிருந்து இறங்கும் மலைப்பாதைகளில் நடந்தவர்கள் குறைவு. போன ஐப்பசியில் நாங்கள் நான்கு பேர் வனத்துறை அனுமதி வாங்கி, ஒரு வழிகாட்டி அண்ணனோடு வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி நோக்கி நடந்தோம். அதில் கற்றதை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

பள்ளிப் புத்தகத்தில் 'இலையுதிர் காலம்' என்று படித்தோம் அல்லவா? பழனி மலையில் அது வேறு மாதிரி. சோலைக்காடு எப்போதும் பச்சை. ஐப்பசி, கார்த்திகையை நம் முன்னோர் கூதிர் காலம் என்றார்கள். வடகிழக்குப் பருவமழையும் குளிர்காற்றும் சேர்ந்து வரும் காலம். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அடிவாரத்துப் பெரியகுளம் சுமார் 300 மீட்டர். 1,000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். காலை வெயிலில் சரிவு சூடாகும். ஈரக்காற்று சரிவைத் தொட்டு மேலேறும். ஏற ஏறக் குளிர்ந்து மேகமாகிவிடும். அதனால்தான் காலையில் பளிச்சென்று தெரிந்த பாதை மத்தியானத்தில் மூட்டம் போட்டுக் காணாமல் போகிறது. ஆகவே விடிந்ததும் கிளம்பணும், இருட்டுவதற்குள் ஊர் சேரணும்.

டால்ஃபின் நோஸ் பாறையைத் தாண்டினால் பாதை வளைந்து வளைந்து இறங்கும். எங்களுக்குப் பொறுமை இல்லை. வழிகாட்டி அண்ணன் முன்னால் போக, பின்னால் வந்த நாங்கள் ஒரு வளைவை விட்டு நேராகச் சரிவில் இறங்கினோம். ஈர மண். என் நண்பனுக்குக் கால் வழுக்கிக் கணுக்கால் பிசகிவிட்டது. முகம் வெளுத்துப் போனது அவனுக்கு, எனக்கு அதைவிட. செய்தி தெரிந்து வெள்ளகவிக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். கம்பில் போர்வையைக் கட்டி, டோலி மாதிரி அவனைத் தூக்கிப் போனார்கள். பணம் நீட்டினோம், தொடவில்லை. அதில் பெரியவர் ஒரு வார்த்தை சொன்னார்: "தம்பி, நீங்க இறங்கின வழியிலதான் அடுத்த மழைத் தண்ணியும் இறங்கும்."

சர்வே வகுப்பில் படித்த கணக்கு அப்போதுதான் புரிந்தது. 100 மீட்டர் இறங்க, 2க்கு 1 சரிவில் நேராகப் போனால் கிடைத்தூரம் 200 மீட்டர் போதும். 6க்கு 1 சரிவில் வளைந்து போக 600 மீட்டர் வேண்டும். வளைந்த பாதையில் தண்ணீர் மெல்லப் போகும். நேர்ச்சரிவில் அதே தண்ணீர் வேகம் பிடித்து மண்ணை அரிக்கும். நாம் மிதித்த தடம் ஓடையாகும், கீழே உள்ள பாதை இடியும். நமக்கு அது ஒரு நாள் உல்லாசம். வெள்ளகவிக்காரர்களுக்கோ தலைமுறை தலைமுறையாக அரிசி வந்ததும், நோயாளி போனதும் அந்தத் தடத்தில்தான்.

என் தாத்தா அந்த மலையில் பொதிக்குதிரைக்குப் பின்னால் நடந்து காப்பி மூட்டை இறக்கியவர். கைநாட்டு. வீடு திரும்பி நடந்ததைச் சொன்னேன். "குதிரை எப்பவும் குறுக்க இறங்காதுப்பா. பொதி சரியாம, மூச்சு முட்டாம போற வழிதான் வழி" என்றார். என் பாடப்புத்தகத்தில் அதற்கு 'ரூலிங் கிரேடியன்ட்' என்று பெயர். எங்கள் குடும்பத்தில் அந்தப் பெயரைப் படித்த முதல் ஆள் நான். அந்த விஷயம் தெரிந்த முதல் ஆள் நான் இல்லை.

போகிறவர்கள் இதை மட்டும் மறக்காதீர்கள்: அனுமதி இல்லாமல் காட்டுக்குள் நுழையாதீர்கள். அடிவாரத்தில் வெயில் அடித்தாலும், மேலே மழை பெய்தால் ஓடை திடீரென்று பெருகும், காத்திருங்கள். இறக்கத்தில் சின்ன எட்டாக வையுங்கள், முழங்கால் தப்பும். வெள்ளகவி ஊருக்குள் செருப்பைக் கழற்றிவிடுங்கள், அது அவர்கள் வழக்கம். வளைவு வந்தால் வளைந்தே போங்கள்.

நண்பனுக்குக் கணுக்கால் சரியாகிவிட்டது. நாங்கள் மிதித்த தடம் இந்த மழையில் என்ன ஆனதோ என்ற எண்ணம்தான் இன்னும் உறுத்துகிறது.