ஒரே இலக்கம் இருவருக்கு வரக்கூடாது

ஒஸ்லோவில் இப்போது இரவு ஏழரை. ரொறன்ரோவில் மதியம், சிட்னியில் விடிகாலை. நித்திரை முறித்து வந்தவர்களுக்குத் தனி நன்றி.

போன கூட்டத்தில் ஒரு அண்ணா கேட்டார்: "தங்கச்சி, ஒரு புரோகிராம் கடைசியாகக் கொடுத்த இலக்கத்தை எப்படி ஞாபகம் வைத்திருக்கிறது?" பதில் சின்னது: ஒரு கோப்பில் எழுதி வைக்கிறது. ஆனால் அதைப் பத்திரமாக எழுதுவது லேசான வேலை இல்லை.

நான் தாதியர் டிப்ளோமா படித்த காலத்தில், வார்டில் இரத்த மாதிரிகளுக்கு ஒரு கொப்பியைப் பார்த்து இலக்கம் போடுவோம். கடைசி இலக்கத்தைப் பார்க்கவேண்டும், ஒன்றைக் கூட்டவேண்டும், எழுதவேண்டும். ஒரு இரவு நானும் இன்னொரு மாணவியும் ஒரே நேரத்தில் பார்த்தோம். இருவர் கண்ணிலும் பட்டது 217. இருவரும் குப்பியில் 218 என்று எழுதினோம். அதில் ஒருவருக்கு இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. ஆய்வுகூடத்தில் இருந்தவர் பெயரையும் வாசித்ததால் தப்பினோம்.

கணினியிலும் இதேதான் நடக்கும். இரண்டு புரோகிராம்கள் ஒரே கணத்தில் கோப்பை வாசித்தால், இரண்டும் அதே இலக்கத்தைக் கொடுக்கும். இதற்கு மருந்து பூட்டு. லினக்ஸில் 'எஃப்லொக்' என்று ஒன்று உண்டு. பூட்டு கிடைத்த புரோகிராம் வாசித்து, கூட்டி, எழுதி முடிக்கும்வரை மற்றது காத்திருக்கும். கொப்பிக்கு ஒரே ஒரு பேனா என்பதுபோல. ஆனால் எல்லாப் புரோகிராம்களும் பூட்டைக் கேட்டால்தான் பயன். கேட்காமல் நுழைவதை அது தடுக்காது.

இரண்டாவது ஆபத்து, மின்சாரம் போவது. எழுதுவதற்காகக் கோப்பைத் திறக்கும்போது, வழக்கமாகப் பழையது முதலில் அழிந்துவிடும். புதியதை எழுதுமுன் மின்சாரம் போனால் வெறும் கோப்புத்தான் மிஞ்சும். அடுத்தமுறை புரோகிராம் அதைப் பூச்சியம் என்று எடுத்து 1இலிருந்து தொடங்கினால், பழைய இலக்கங்கள் எல்லாம் திரும்பவும் வெளியே போகும்.

ஆகவே பழையதில் கை வைக்கக்கூடாது. அதே அடைவில் புதுக் கோப்பொன்றில் புதிய இலக்கத்தை எழுதவேண்டும். 'எஃப்சிங்க்' செய்து அது வட்டில் உண்மையாகப் பதிந்ததை உறுதிசெய்யவேண்டும். பிறகு 'ரிநேம்' மூலம் பழைய பெயரை அதற்கு மாற்றவேண்டும். யுனிக்ஸ் வகைக் கணினிகளில் இந்தப் பெயர் மாற்றம் ஒரே அடியாக நடக்கும்; வாசிப்பவர் பழையதைக் காண்பார், அல்லது புதியதைக் காண்பார், பாதியைக் காணமாட்டார். கடைசியில் அடைவுக்கும் ஒரு எஃப்சிங்க் செய்வது நல்லது. கோப்பே மாறிவிடுவதால், பூட்டை வேறொரு கோப்பில் போடவேண்டும்.

இன்னும் இரண்டு விஷயம். முதலில் பதிந்துவிட்டு, பிறகுதான் இலக்கத்தைக் கொடுக்கவேண்டும். நடுவில் புரோகிராம் நின்றுபோனால் ஒரு இலக்கம் வீணாகும், அவ்வளவுதான். இடைவெளி வந்தால் யாரும் சாகமாட்டார்கள். அடுத்தது, கோப்பு வெறுமையாக இருந்தால் பூச்சியம் என்று ஊகிக்கக்கூடாது. நின்று, மனிதரைக் கூப்பிடவேண்டும். இதையெல்லாம் நாமே செய்யப் பயமாக இருந்தால், எஸ்கியூலைட் போன்ற தரவுத்தளத்திடம் விட்டுவிடலாம்.

நோர்வேயில் 1964இல் கொண்டுவந்த பிறப்பு இலக்கத்தில் 11 எண்கள். முதல் ஆறு பிறந்த திகதி. அடுத்த மூன்று, அதே நாளில் பிறந்தவர்களை வேறுபடுத்தும். கடைசி இரண்டு, எழுத்துப்பிழையைப் பிடிக்கும் சரிபார்ப்பு எண்கள். ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவருக்குக் கொடுப்பதில்லை. அப்படியிருந்தும் இரத்தம் எடுக்குமுன் பெயரையும் இலக்கத்தையும் நோயாளியின் வாயாலேயே கேட்கிறோம். "நேற்றும் கேட்டாயே" என்று சில முதியவர்கள் சலித்துக்கொள்வார்கள். நான் சிரித்துக்கொண்டே திரும்பவும் கேட்பேன். அந்த 218ஐப் பற்றி அவர்களுக்குச் சொன்னதில்லை.

இனி உங்கள் கேள்விகள்.