இலங்கையில் 'துணித் திருடன்', ம.பி.யில் மாநிலப் பறவை! அடையாறு மாமரத்தில் குளிர்கால வாசம்

சென்னை, ஜன. 20-

"அடையாறு பக்கம் ஒரு பழைய பங்களா தோட்டத்தில் துணித் திருடன் தங்கி இருக்கிறான். போய்ப் பாருங்கள்!"

சொன்னவர் இலங்கையில் இருந்து வந்து இங்கே மளிகைக் கடை வைத்திருப்பவர். திருட்டு என்றால் விடுவோமா? காலை 7 மணிக்கே ஆஜர்.

வாட்ச்மேன் வாயில் விரல் வைத்து "உஸ்" என்றார். மாமரத்தைக் காட்டினார். இலைக்குள் இருந்து வெள்ளை ரிப்பன் போல ஒன்று நெளிந்து பறந்தது. ஒரு பூச்சியை அந்தரத்திலேயே பிடித்துக்கொண்டு கிளைக்குத் திரும்பியது. அட, இதுதானா திருடன்!

அங்க அடையாளம்

பெயர்: அரசவால் ஈபிடிப்பான். உடம்பு கொண்டைக்குருவி அளவுதான். ஆனால் ஆணின் வாலில் இரண்டு இறகு கிட்டத்தட்ட ஒரு அடி நீளம் தொங்குகிறது. தலை மினுமினுக்கும் கறுப்பு. கொண்டை உண்டு. கண்ணைச் சுற்றி நீல வளையம். மற்றபடி பால் வெள்ளை.

மாறுவேடத்திலும் கில்லாடி. இளவயதில் ஆண் செங்கல் நிறம். நீள வால் வரவே இரண்டு மூன்று வருஷம் ஆகும். சில ஆண்கள் வெள்ளைக்கு மாறும், சில செங்கல் நிறத்திலேயே நீள வாலோடு இருக்கும். பெண்ணுக்கு எப்போதும் குட்டை வால்தான்.

வெள்ளைத் துணியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுபோல இருப்பதால் சிங்களத்தில் 'ரெதி ஹொரா', அதாவது துணித் திருடன். செங்கல் நிறத்தவனுக்கு 'கினி ஹொரா', நெருப்புத் திருடன்! அங்கே திருட்டுப் பட்டம் வாங்கிய அதே பறவைக்கு இந்தியில் 'தூத்ராஜ்' என்று ராஜ மரியாதை. பால் ராஜா என்று அர்த்தம். மத்தியப் பிரதேசத்தின் மாநிலப் பறவை இதுதான்.

பாட்டுப் பாடும் ஜாதி என்கிறார்கள். நான் கேட்டது துருப்பிடித்த கதவு மாதிரி ஒரு 'க்ரீச்'. நல்ல பாட்டெல்லாம் ஜோடி சேரும் காலத்தில்தானாம்.

போலீஸ் பாதுகாப்பு

மார்ச் முதல் ஜூலை வரை கூடு கட்டும் காலம். நாரையும் புல்லையும் சிலந்தி வலையால் இழுத்துக் கட்டி கிண்ணம் போல ஒரு கூடு. மூன்று, நான்கு முட்டை. அடைகாப்பது 14 முதல் 16 நாள். ஆணும் முறை வைத்து உட்காரும். உட்காரட்டும், அந்த வாலை எங்கே ஒளிப்பது? கூட்டுக்கு வெளியே கொடி மாதிரி தொங்கும். காக்காய்க்கு இதைவிட நல்ல துப்பு வேண்டுமா?

அதனால் சில சமயம் ரெட்டைவால் குருவியின் கூட்டுக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துக்கொள்கிறது. ரெட்டைவால் குருவி காக்காயையும் பருந்தையும் விரட்டி விரட்டிக் கொத்தும். அதற்கு இந்தியில் 'கோத்வால்' என்றே பெயர். போலீஸ் அதிகாரி! போலீஸ் ஸ்டேஷன் பக்கத்தில் குடியேறிய திருடனை இப்போதுதான் பார்க்கிறேன்.

வடக்கே குளிர் வந்தால் தெற்கே கிளம்பி விடும். கிண்டி பூங்காவிலும், பிரம்மஞான சபை தோட்டத்திலும் குளிர்காலத்தில் பார்த்தவர்கள் உண்டு. அடர்ந்த நிழல் வேண்டும், பூச்சி வேண்டும். மொட்டை மாடியும் சிமெண்ட் தரையும் இதற்கு ஆகாது.

மரத்தில் சிவப்பு நம்பர்

"நாலு வருஷமா வருது சார். மாங்கா பூ எடுக்கும்போது பூச்சி மொய்க்கும். இதுக்கு அப்போ கொண்டாட்டம். பங்குனியில போயிடும்" என்றார் வாட்ச்மேன்.

மாமரத்தின் அடியில் சிவப்பு பெயிண்டில் 3 என்று எழுதி இருந்தது. வேப்ப மரங்களில் 1, 2. பங்களா விற்றாகி விட்டது. மாசியில் மரம் வெட்ட ஆள் வருகிறார்கள். அதோடு இவர் வேலையும் போச்சு.

பறவையைப் பிடித்தால் 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி கேஸ். அது இங்கே கூடு கட்டவில்லை, வெறுமனே தங்கி இருக்கிறது. கிளையை வெட்டுகிறவர் மேல் அந்தச் சட்டம் பாயாது.

"ஒரு மாசம் தள்ளி வெட்டுங்க, அது போயிடட்டும்னு கேட்டேன் சார். காண்டிராக்ட் ஆளு சிரிச்சாரு. அப்புறம், ஓனரை கேட்டு ரெண்டு நாள்ல சொல்றேன்னாரு."

கேட்டது போன திங்கட்கிழமை. இன்னும் பதில் வரவில்லை.