குவாண்டம் பிணைவும் சாட்சியும்

சான்றின்றி எக்கூற்றையும் ஏற்றல் தகாது என்பது வழக்குமன்றத்திற்கேயன்றி அறிவியலுக்கும் உரிய நெறியாகும். குவாண்டம் இயற்பியலில் 'பிணைவு' என வழங்கும் நிகழ்வு இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

ஒரு சோடிக் காலணியைப் பிரித்து, ஒன்றைச் சென்னைக்கும் மற்றொன்றைத் தில்லிக்கும் அனுப்புவதாகக் கொள்வோம். சென்னையில் இடக்காலணியைக் கண்டதும், தில்லியில் இருப்பது வலக்காலணி என அறிவோம். இதில் வியப்பில்லை, அனுப்பும்போதே முடிவான செய்தி அது. பிரிந்து சென்ற இரு துகள்களின் முடிவுகள் ஒத்துப்போவதும் இத்தகையதுதானா? துகள்களின் பண்புகளும் முன்பே முடிவானவை, அவற்றைக் குவாண்டம் கொள்கை முழுமையாக உரைக்கவில்லை என்று ஐன்ஸ்டீன், பொடோல்ஸ்கி, ரோசன் ஆகியோர் 1935இல் வாதிட்டனர்.

1964இல் ஜான் பெல் இவ்வாதத்தைச் சோதனைக்கு உரியதாக்கினார். பண்புகள் முன்பே முடிவாகி, தொலைவிலுள்ள துகள்கள் ஒன்றையொன்று தாக்காவிடில், அளவீடுகளின் ஒப்புமைக்கு ஓர் எல்லை உண்டென நிறுவினார். 1969இல் கிளவுசர் முதலானோர் தந்த வடிவில் அவ்வெல்லை 2; குவாண்டம் கொள்கையோ ஏறத்தாழ 2.83 வரை இடந்தருகிறது. 1982இல் பிரான்சில் அலென் ஆஸ்பே குழுவினர் ஏறத்தாழ 2.70 பெற்றனர். காலணி விளக்கம் தோற்றது. 2022இல் ஆஸ்பே, கிளவுசர், சைலிங்கர் மூவரும் நோபல் பரிசு பெற்றனர்.

இரண்டு துகள்களுக்கே இத்துணை முயற்சி எனின், பல துகள்களுக்கு என் செய்வது? 0, 1 ஆகிய இரு நிலைகளையும் ஒருசேரத் தாங்கும் துகளைக் கியூபிட் என்பர். எட்டுக் கியூபிட்டுகளின் நிலையை முழுதும் அறிய 65,535 எண்கள் வேண்டும். 2005இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் ஆய்வாளர்கள் எட்டுக் கால்சியம் அயனிகளைப் பிணைத்து, 6,561 வகை அளவீடுகளை ஒவ்வொன்றும் நூறு முறை செய்தனர். பத்து மணி நேரம் ஆயிற்று. கியூபிட் ஒன்று கூடினால் தேவைப்படும் எண்கள் நான்கு மடங்காகப் பெருகும்.

இவ்விடரைக் கடக்கவே 'சாட்சி' என்னும் தனி அளவீட்டை அறிஞர் வகுத்தனர். பிணையாத நிலைகள் எவற்றிலும் அதன் சராசரி சுழிக்குக் கீழே செல்லாது. சோதனையில் எதிர்க்குறி தோன்றின், பிணைவு உறுதி. முழு நிலையையும் அறியாமலே, சில அளவீடுகளால் இத்தீர்ப்பை எய்தலாம்.

ஆயினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. எதிர்க்குறி தோன்றாமை பிணைவின்மைக்குச் சான்றன்று; ஒரு சாட்சி காணாததை மற்றொரு சாட்சி காணக்கூடும். குவாண்டம் கணினி பற்றிய பெருங்கூற்றுகள் பெருகிவரும் இந்நாளில், 'இதற்குச் சாட்சி யாது?' என வினவும் துணிவும், சாட்சி சொல்லாததைச் சொன்னதாகக் கொள்ளாத நேர்மையும் மாணவர்க்கு ஒருங்கே வேண்டும். கல்வியின் பயன் அதுவேயாகும்.