கொரியாக்காரரும் நம்ம ஊர் அருகும்!

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் 'கொரியா' என்றாலே எல்லோருக்கும் கார்தான் ஞாபகம் வரும். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ உருண்டு வந்த நாளிலிருந்து அப்படி ஒரு பழக்கம்! ஆனால், சத்தமே போடாமல் இன்னொரு கொரியாக்காரரும் இந்தப் பக்கம் காலூன்றியிருக்கிறார். ஷிப்ட் மாற்றச் சொல்ல மாட்டார், ஓவர் டைம் கேட்க மாட்டார், ஸ்ட்ரைக்... மூச்! அவர்தான் கொரியன் புல்.

கம்பெனி வாசலில், 'புல் மீது நடக்காதீர்கள்' போர்டுக்குப் பின்னால் பச்சைப் பசேலென்று ஒரு மெத்தை. அதைப் பார்த்துக்கொண்டே பஞ்ச் அடிக்க ஓடும்போது, "நம்ம வீட்டு வாசல்லயும் இப்படி ஒரு துண்டு இருந்தா..." என்று பெருமூச்சு வருகிறதா? பத்துக்குப் பத்து அடி இருந்தால் போதும் ஸார், தாராளமாக வளர்க்கலாம்!

நர்சரியில் சதுர அடிக் கணக்கில் கிடைக்கும் கொரியன் புல், மெல்லிசு, அழகு. லேசான நிழலையும் பொறுத்துக்கொள்ளும். அடிக்கடி வெட்டவும் வேண்டாம். ஆனால், வளர்ச்சியில் ஆமை. இடம் நிரம்புவதற்குள் உங்களுக்குக் கல்யாணமே ஆகிவிடலாம்!

அவசரக்காரர்களுக்கு நம்ம அருகம்புல். பிள்ளையாருக்குச் சாத்துகிறோமே, அதேதான். இதையே வெளிநாட்டுக்காரர்கள் 'பெர்முடா கிராஸ்' என்று கோட்டு சூட்டு மாட்டிக் கூப்பிடுகிறார்கள். இதுவும் ஓர் ஆப்பிரிக்கப் புல்லும் ஒட்டி உறவாடியதில் பிறந்து, அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் நகரில் 1960-ல் வெளியிடப்பட்ட ரகம்தான் 'டிஃப்வே'. பெரிய பெரிய கோல்ஃப், ஃபுட்பால் மைதானங்களில் எல்லாம் அது வளர்கிறது. நம்ம பையன் ஃபாரின் போய் செட்டிலான கதை!

எப்படி நடுவது?

ஆடி மழையில் மண்ணைக் கொத்தி, முதலில் கோரைக் கிழங்கைப் பொறுக்கி எறியுங்கள். ஒரு கிழங்கு தங்கினாலும் பத்தாகத் திரும்பி வரும். கொஞ்சம் மணல், மக்கிய சாண எருவைக் கலந்து சமப்படுத்துங்கள். இரண்டு மூன்று கணு உள்ள அருகந்தண்டுகளை அரை அடி இடைவெளியில் நடுங்கள். வேர் பிடிக்கும்வரை தினமும் தண்ணீர். அப்புறம் வாரம் ஒன்றிரண்டு தடவை ஆழமாக நனைத்தால் போதும். இரண்டு, மூன்று மாதத்தில் தரை மறைந்துவிடும். வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். ஒரே ஒரு கண்டிஷன்: அருகுக்கு நல்ல வெயில் வேண்டும். மாமரத்தடியில் நட்டுவிட்டு நர்சரிக்காரரைத் திட்டாதீர்கள்!

"லாரித் தண்ணி வாங்குற ஊர்ல புல்லுக்கு எங்க ஸார் போறது?" என்கிறீர்களா? நியாயமான கேள்வி. இங்கேதான் அருகு ஜெயிக்கிறது. தண்ணீர் இல்லாவிட்டால் காய்ந்து சருகாகிவிடும். 'செத்துப் போச்சு' என்று நினைப்போம். தரைக்கு அடியில் ஓடும் தண்டுகள் உயிரோடு காத்திருக்கும். ஒரு மழை... மறுபடி பச்சை!

விஷயம் அழகு மட்டுமில்லை. வீடு கட்டியதும் முதல் வேலையாக வாசலை சிமென்ட்டால் மெழுகிவிடுகிறோம். பகலெல்லாம் குடித்த வெயிலை அது ராத்திரி நம் மேலேயே துப்புகிறது. நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர்களைக் கேளுங்கள், அந்த அனல் என்னவென்று சொல்வார்கள். மழைத் தண்ணீரோ ஒரு சொட்டுகூட மண்ணுக்குள் போகாமல் தெருவுக்கு ஓடுகிறது. இந்தப் பக்கத்து செம்பரம்பாக்கம் ஏரி 2015 டிசம்பரில் நிரம்பி வழிந்து பயமுறுத்தியது. 2019 கோடையில் அதே ஏரி வறண்டு கிடந்தது. 2003-லேயே மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கினார்கள். மண்ணைத் திறந்து வைத்துப் புல் வளர்ப்பதும் அதற்கு ஒரு சின்ன ஒத்தாசைதான்.

வாடகை வீடா? வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நடுங்கள். புல்லைக் காட்டி வாடகையை ஏற்றினால்... கம்பெனி பொறுப்பல்ல!