கழற்றக்கூடிய பாலம்

மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலத்தின்மீது ஒரு மாலையில் நின்றேன். முன்பிருந்த பாலம் 1990இல் போரின்போது தகர்க்கப்பட்டது. இப்போதுள்ளது ஜப்பானிய உதவியுடன் எழுந்து 2010இல் திறக்கப்பட்டது. இடைக்காலத்தில் மக்களுக்கு வழிகாத்தது தற்காலிகமாக இட்ட பெய்லிப் பாலமாகும்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆங்கிலப் பொறியியலாளர் டொனால்ட் பெய்லி வகுத்த அமைப்பு அது. பத்தடி நீள எஃகுச் சட்டமொன்றை ஆறு பேர் சுமந்துவிடலாம். சட்டங்களை முளையாணிகளால் கோத்து, மேலே பலகை பரப்புவார்கள். வேலை முடிந்ததும் ஆணிகளைக் கழற்றி, வேறிடத்தில் மறுபடியும் கட்டலாம்.

நம் கரையோர ஓடைகளுக்கு நடைபாலம் வகுப்போர் கற்கவேண்டிய பாடம் இதுவே என்று எனக்குத் தோன்றிற்று. எஃகை உருக்கி மீண்டும் வார்க்கலாம். முதிர்ந்த பனையின் வயிரம் பலகையாகும். ஆனால் இரண்டையும் பிரிக்கவொண்ணாதபடி பசையிட்டு இறுக்கிவிட்டால், முடிவில் இரண்டுமே குப்பைதான். ஆணியால் பிணைத்தாலோ, உப்புக்காற்று அரித்த உறுப்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். எஃகுக்குத் துத்தநாகப் பூச்சு வேண்டும். பலகையில் நீர் தேங்கலாகாது.

ஆகவே, எப்பொருளால் கட்டுகிறோம் என்பதோடு, எப்படிப் பிணைக்கிறோம் என்பதையும் எண்ணவேண்டும். பாலம் அறுந்த நாள்களை அறிந்த ஊர் இது. இங்கே ஒரு பலகையும் வீணாகலாகாது.